கேன்யூ

பிட்ஸ்பர்க், 1998

அப்பாவுக்கு நமஸ்காரம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

எனக்குப் பார்வை மேலும் மங்கிவிட்டது. கம்ப்யூட்டர்தான் மெயிலை உரக்க வாசிக்கிறது. அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். தாம்பரத்திலிருந்து ஆங்கில எழுத்தில் நீங்கள் அடித்த "கண்ணு" அதன் வாயில் "கேன்யூ" ஆனது.

"யார்றா அந்த கேன்யூ? சொல்லவே இல்ல!" என்றான் அறைத்தோழன் பட்டாபி. சிரித்தோம்.

"இந்தக் கண்ணோடு வராதே, ஊர் பேசும்" என்பதை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தது.

இனி டைப் அடிக்க வேண்டாம். நார்த்தங்காயோடு ஒரு கேசட் அனுப்புங்கள். அதில் "கண்ணு" என்று கூப்பிட்டுவிட்டு, அதே வாயால் "வராதே" என்று தமிழில் சொல்லுங்கள். கேட்கிறேன்.

இதை எழுதும் பட்டாபிக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ரகோத்தமன்