அம்மா குரல் இருந்த கோப்பு

செவ்வாய்க்கிழமை இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் அப்பாவிடம் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மா இறந்ததும் அப்பா பீரோவில் பூட்டிய அவள் போனிலிருந்து மெமரி கார்டை நான்தான் எடுத்தேன். அம்மா என்னிடம் பேசிய பதிவு ஒன்று அதில் இருந்தது. லேப்டாப்பில் ஓடவில்லை. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்து எம்பி3 என்று போட்டேன். அப்போதும் ஓடவில்லை. அம்மாவை நானே அழித்துவிட்டேன் என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று ஒத்தக்கடை பிரவுசிங் சென்டர் அண்ணன் சிரித்தார். "சட்டைய மாத்துனா ஆளு மாறிருமா பாப்பா? உள்ள அப்படியே இருக்கு." பழைய பெயரை வைத்து, லேப்டாப்பில் ஓடும் வகைக்கு முறையாக மாற்றித் தந்தார்.

"வந்துட்டியாடி? பூனைக்கும் கொஞ்சம் பால் ஊத்து." அவ்வளவுதான் அம்மா பேசியது. திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இயர்போனைச் சரியாகச் சொருகவில்லை போல.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"தாயி, இப்பப் பேசுனது யாரு?"