கிரகப்பிரவேச வீடியோவுல கோடு போயிடுச்சி

அப்பா,

அம்மா படத்துக்கு மால சொல்ல கிருமாம்பாக்கம் போறேன். தோச மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குது. சாப்ட்டுட்டு மாத்திர போடு.

"செத்தவ மூஞ்சிய கிழிச்சி வெச்சிருக்கியேடி"ன்னு நேத்து வீடியோவ பாத்துட்டு கத்துன. நான் கிழிக்கல. பழைய கேசட்டு ஒவ்வொரு படத்தையும் ஒரு வரி விட்டு ஒரு வரின்னு ரெண்டு பாதியா வெச்சிருக்கும். கம்ப்யூட்டர்ல அது ரெண்டும் ஒண்ணா சேர்றப்ப, அசையிறவங்க மேல சீப்புப் பல்லாட்டம் கோடு வுழுது. அத எடுத்தேன். அப்பவும் எல்லாரும் முன்னும் பின்னுமா உதறுனாங்க. எந்தப் பாதி மொதல்ல வரணும்ன்றத மாத்துனதும் நின்னுடுச்சி. பென் டிரைவ் டிவியிலயே சொருகியிருக்குது.

நாளைக்கு படத்தெறப்புக்கு சனங்க வந்து இத பாக்கறதுக்கு முன்னாடி நீ தனியா ஒருவாட்டி பாத்துடு. பந்தி நடக்கறப்ப, "அங்க ஒரு எல போடு"ன்னு நீ கைய தூக்குற. பக்கத்துல நிக்கிற அம்மா சட்டுனு குனிஞ்சி மூஞ்சிய மறைச்சிக்குது. கோடு இருந்தவரைக்கும் அது தெரியல. அன்னைக்கி நீ அடிக்கப் போவல, எல போடத்தான் சொன்ன. அது அம்மாவுக்குத் தெரியல.

நான் அத வெட்டல. வெட்டணும்னா என் மூஞ்சிய பாத்துச் சொல்லு.

புவனா

அம்மாவுக்கு இந்தாண்ட நானும் நிக்கிறேன்பா, பட்டுப் பாவாடையில. அம்மா குனியிறத பாக்குறேன். பாத்துட்டு, கையில இருந்த லட்ட தின்னுக்கினே இருக்கேன்.