ரயில் பெட்டிக்கு நான் வைத்த காவல்

பழைய ரயில் பெட்டியைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும் என் அண்ணே,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். லாபிஸில் நீங்கள் கண்டுபிடித்த பெட்டி பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது சேதி அதைவிட நல்லது. உங்களை ஏமாற்றிய அந்தக் கஃபேக்காரன் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறான். நிற்க வைத்தது நான்தான்.

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் பிள்ளைகள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செனாயில் தொழிற்சாலை சூப்பர்வைசர். லீவு கிடைத்தால் போதும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஒரு காலத்தில் மலேசியாவின் ஜொகூர் வழியாக ஓடிய தேக்குமரப் பயணிகள் பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கிய பிறகு எங்கே போயின என்று தேடுவதுதான் உங்கள் தீராத வியாதி. ஒன்று கோழிக்கூண்டாகக் கிடைத்தது. ஒன்றில் யாரோ ஒரு குடும்பமே குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. பல பெட்டிகள் பழைய இரும்புக் கடையில் முடிந்துபோயிருந்தன. அந்தக் கடைக்கும் போய் விசாரித்துவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள்.

"முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்ச பிறகு எதுக்கு அண்ணே அங்க போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொந்தக்காரவங்க செத்தா போய்ப் பாக்க மாட்டியா? அந்த மாதிரிதான்" என்றீர்கள்.

பெட்டி கண்ணில் பட்டதும் அதன் அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்து போய், இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்ப்பீர்கள். பாதி இடங்களில் உங்களை இரும்புத் திருடன் என்றுதான் நினைத்தார்கள். லாபிஸில் நாய் துரத்திக் கால்சட்டை கிழிந்து வந்தீர்களே, அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. "மாலதி, முழுசா இருக்கு!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பெஞ்சுகள் இல்லை, கதவுகள் இல்லை, ஜன்னல்கள் பாதி இல்லை. ஆனால் உடம்பு முழுசாக இருந்தது. லிம் என்ற சீனப் பெரியவரின் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட நிலத்துண்டில் அது உரமூட்டை வைக்கும் கொட்டகையாக இருந்தது.

பெட்டி தேடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படத்தைப் போடுவார்கள், இடத்தைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுவாரமே இரும்பு வெட்டும் கேஸ் கட்டரோடு யாராவது போய் நிற்பார்கள். இந்த வழக்கத்தை மீறி ஒரே ஒரு ஆளிடம் மட்டும், பின்னால் கஃபே திறந்த அவனிடம், நீங்கள் வாய் திறந்தீர்கள். ஏன் அண்ணே? அவனிடம் அப்படி என்னத்தைக் கண்டீர்கள்?

அவன் நன்றாகப் பேசுவான், ஒப்புக்கொள்கிறேன். உங்களோடு மாதக்கணக்கில் சுற்றினான். என் வீட்டில் உட்கார்ந்து நான் வைத்த மீன் கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் பெஞ்சு, கதவு, சாமான் தட்டு எல்லாம் அப்படியே இருந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியை அவனுக்கு நீங்கள்தான் காட்டினீர்கள். "அண்ணே, இத ஒரு ஆணி புடுங்காம காப்பாத்துவோம் லா" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு உங்களுக்குத் தெரியாமல் தோட்டக்காரரிடம் பேசி அதை வாங்கினான். நீளமான பெட்டி, தோட்டத்துச் சாலையின் வளைவில் லோரி திரும்பாது. அதனால் நடுவில் வெட்டினான். பாதியைச் செனாய் சாலையோரம் கொண்டுபோய் நிறுத்திக் கஃபே திறந்தான். மற்றப் பாதியிலிருந்து பெஞ்சுகளையும் ஜன்னல்களையும் உருவிக்கொண்டு கூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். வாசலில் ஒரு பித்தளைப் பலகை. இந்த அரிய பெட்டியைக் காட்டுக்குள் கண்டுபிடித்தவர் என்று அதில் அவன் பெயர்.

நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்று வாங்கி, வெட்டுப்பட்ட பக்கமாக உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தீர்கள். என்ன அண்ணே என்று கேட்டதற்கு, "கோப்பி கசப்பா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகு மோட்டார் சைக்கிள் வாசலை விட்டு நகரவில்லை. சில மாதத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். டாக்டர் இருதயம் என்றார். எனக்குத் தெரியும் யார் என்று.

உங்கள் கருமாதிக்கு அவன் வந்தான். எல்லாரையும்விடப் பெரிய மாலை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அண்ணன் லாபிஸ் பக்கம் இன்னொரு பெட்டி இருக்குன்னாரு. எந்த இடம்னு உங்ககிட்ட சொன்னாரா?"

இலை கூட எடுக்கவில்லை அண்ணே. உங்கள் படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த சாம்பார் வாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். சபையில் அவமானம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்றேன். ஆனால் அன்றைக்கே உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். குளுவாங் பெட்டி போனது போனதுதான். லாபிஸ் பெட்டியின் மேல் அவன் கை படக்கூடாது.

நான் சொல்லாவிட்டால் என்ன, அவன் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். நான் விழுந்தடித்துக்கொண்டு லிம் அங்கிளிடம் போனபோது அவர் தலையைச் சொறிந்தார். மறுநடவுக்கு நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியை அவனுக்கே கொடுத்துவிடச் சொல்கிறார்கள் என்றார். கிரேன் வரும் நாளும் முடிவாகிவிட்டது. போலீசுக்குப் போகலாமா? அது அவர் நிலம், அவர் பெட்டி. என் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அடிக்க வந்திருப்பீர்கள். "எங்க பாத்தாலும் ஒரு சூலத்த நட்டு வெச்சிடுறாங்க" என்று நம் ஆட்களைத் திட்டுகிற மனிதர் நீங்கள்.

குளுவாங் பூசைச் சாமான் கடையில் ஒரு சூலம் வாங்கினேன். எலுமிச்சம்பழம், சிவப்புத் துணி, குங்குமம், ஒரு கட்டுச் சுருட்டு. பெட்டியின் வாசல் படிக்குப் பக்கத்தில் சூலத்தை நட்டு, ஒரு கல்லைக் கழுவி வைத்துப் பொட்டிட்டு, சுருட்டைக் கொளுத்தி வைத்தேன். ரயில் பாதை ஓரமெல்லாம் முனீஸ்வரர் இருக்கிறார். ரயில் பெட்டியில் இருக்கக்கூடாதா?

லிம் அங்கிள் வந்து பார்த்தார். புதுச் சூலத்தைப் பார்த்தார், ஈரம் காயாத குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தச் சாமி ரொம்ப நாளாக இங்கே இருக்கிறதா என்று மலாய் மொழியில் கேட்டார். ரொம்ப நாளாக என்றேன். "எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்றார். உள்ளே போய் மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்து கும்பிட்டார்.

கிரேன் வந்தது. பின்னாலேயே கஃபேக்காரன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கிரேன் ஓட்டுகிறவர் நம் ஆள், குளுவாங்காரர். இறங்கி இரண்டு அடி வைத்தார், சூலத்தைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"அலமாக்! பாஸ், இதுல சாமி இருக்கு. ஏன் சொல்லல?"

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வாரம் நான் பாத்தேன், சூலமே கெடையாது. நீ தூக்கு."

"உங்களுக்கு என்ன பாஸ், காட்டிட்டுப் போயிடுவீங்க. தூக்குறவன் நான். எனக்குப் புள்ளைங்க இருக்கு. நான் தொட மாட்டேன்."

லோரிக்காரர் சீனர். அவர் கும்பிட்டுவிட்டு லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இவன் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் கிரேனை நானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இஞ்சின் கிளம்பவில்லை. மறுபடி திருகினான். கிளம்பவில்லை. பேட்டரியாகத்தான் இருக்கும் அண்ணே. ஆனாலும் ஓரமாக நின்று பார்த்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

பிறகு ஊரே வர ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளியில் விளக்குப் போட நான் போய்த்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது. பொய்யாக வைத்த சாமிக்கு உண்மையாகவே பூசை செய்துகொண்டிருக்கிறேன். சாமி என்னைச் சும்மா விடுமா என்று சில நாள் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நாளில் அவனே வந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. கஃபேயில் கூரை ஒழுகுகிறதாம், கூட்டம் வரவில்லையாம், மனைவிக்குக் கெட்ட கெட்ட கனவாம். நடுவில் வெட்டிய பெட்டிக்குக் கூரை ஒழுகாமல் என்ன செய்யும்? நான் அதைச் சொல்லவில்லை.

"அக்கா, சாமி என் மேல கோவமா இருக்கா?"

"குளுவாங் பெட்டிய வெட்டுனது யாரு?"

"நான்தான் அக்கா."

"பாதிய இரும்புக்குப் போட்டது?"

"நான்தான். என்ன செய்யணும் சொல்லுங்க. ஆடு வெட்டிப் படையல் போட்டுடறேன்."

"ஆடு வேணாம். கதவு வேணும்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றும் இந்தப் பெட்டிக்கு வரவேண்டும், ஒவ்வொரு வெள்ளியும் அவனே தூக்கி வரவேண்டும் என்று சொன்னேன். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிகள் என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

முதல் வெள்ளி கதவு வந்தது. தேக்கு, நல்ல கனம். தோளில் வைத்துக்கொண்டு மண்சாலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். லிம் அங்கிள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பிள்ளைகளிடம் பேசிவிட்டாராம், பெட்டியைச் சுற்றி ஒரு வேலி போட்டு விட்டுவிட்டு மற்ற இடத்தில் கன்று நடப்போகிறார். அடுத்து பெஞ்சுகள் வந்தன. பிறகு சாமான் தட்டுகள், மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள். குளுவாங் தச்சர் ஒருவர் பொருத்துகிறார். கதவு அச்சாகப் பொருந்தியது அண்ணே. நான் ஓரமாகப் போய் அழுதேன்.

பித்தளைப் பலகையையும் கேட்டேன். அதற்குத்தான் ரொம்பத் தயங்கினான். வாடிக்கையாளர்கள் பார்க்க அவனே திருகாணியைக் கழற்றியதை முன் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். பலகை இப்போது லாபிஸில் குழாயடியில் கிடக்கிறது. வருகிறவர்கள் அதன் மேல் நின்றுதான் கால் கழுவுகிறார்கள்.

இப்போது அவன் கஃபேயில் பிளாஸ்டிக் நாற்காலிதான். சம்பள நாளில் நான் தவறாமல் போவேன். ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு, பெஞ்சு இருந்த இடத்தையும் ஜன்னல் இருந்த ஓட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வயிறு குளிர்கிறது. பாவமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? இல்லை. ஒரு துளிகூட இல்லை.

போன வெள்ளி கடைசி ஜன்னலைக் கொண்டு வந்தான். இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அக்கா, சாமிய விடுங்க. அண்ணன் என்னைய மன்னிச்சிருப்பாரா? அத மட்டும் சொல்லுங்க."

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். அவன் அழுதுகொண்டே போனான்.

பதில் எனக்குத் தெரியும் அண்ணே. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "அவன திட்டாத மாலதி. ஆசைதான், பெட்டி மேல ஆசை. எனக்கும் இருந்துச்சே. அவன பாத்தா நான் ஒண்ணும் நெனைக்கலன்னு சொல்லிடு."

உங்கள் பேச்சை நான் தட்டியதே இல்லை. இதை மட்டும் தட்டுகிறேன். உங்களுக்கு மன்னிக்க மனசு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைக்கிறவள் நான். எனக்கு வரவில்லை.

அச்சில் வந்தால் அவன் படித்துவிட மாட்டானா என்று கேட்பீர்கள். அவனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செனாய் பக்கம் போனால் கோப்பி குடியுங்கள், ஆனால் இதை அவனுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு சத்தியம் செய்கிறேன் அண்ணே. நான் இருக்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் தூக்க விடமாட்டேன். நீங்கள் அவனை மன்னித்துவிட்டீர்கள் என்பதை என் வாயால் சொல்லவும் மாட்டேன்.

உங்கள் சொல் பேச்சுக் கேட்காத தங்கை,
மாலதி
குளுவாங்