கைமணியும் கோஸ்தானும்

ஆகஸ்ட் 11, 2024 – ஞாயிறு

கேரவன் கூரையில் ஒழுகுகிற இடத்துக்குப் பசை பூசப் போன என் வீட்டுக்காரர், பசை டப்பாவோடு கீழே வந்து சேர்ந்தார். ஏணி அங்கேயே நின்றது, இவர் மட்டும்தான் வந்தார். வலது கை முறிவு. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் பெண், "ஆறு வாரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது அங்கிள்" என்றதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே தலை நரைத்த மனிதர். நான் ஓட்ட, இடது பக்கம் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். வழி முழுக்க இல்லாத ப்ரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

கூரையில் பசை பாதிதான் பூசியிருக்கிறது. மீதியை நான் ஏறிப் பூசிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14 – புதன்

விற்கப் போகிறாராம்!

"இது நமக்குச் சரிப்படாது துளசி. ராவாங் அழகேசன் கேட்டுக்கிட்டே இருக்கான். கொடுத்துரலாம்."

அழகேசன் எங்கள் கேரவன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பையன். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, இருந்தாலும் பையன்தான். அவனிடம் இன்னும் கூடாரம்தான். எங்கள் கேரவன் மீது அவனுக்கு ஒரு கண்.

வாங்கும்போது எதிர்த்தவள் நான். "வீடு இருக்கும்போது எதுக்குங்க இன்னொரு வீடு, அதுவும் சக்கரம் வெச்சு?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். வேலிக்கு வெளியே புல்லில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே விட்டால் காற்றோட்டம் இருக்காதாம். சரி என்று ஒரு நாள் டீயோடு ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். சின்ன அடுப்பு, சின்ன மேசை, படுக்கைக்குத் தலைமாட்டில் ஒரு ஜன்னல். எங்கள் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அடுத்த வீட்டுச் சுவர். இந்த ஜன்னலை நான் விரும்பிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். செப்டம்பரில் செகிஞ்சானில் குழுவின் கேம்ப். கண் விழித்ததும் ஜன்னல் நிறைய வயல் தெரிய வேண்டும். எனக்கு அது வேண்டும். வேறு எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 15 – வியாழன்

பேசி முடித்தாகிவிட்டது.

"நானே செகிஞ்சானுக்கு இழுத்துட்டுப் போயி, எல்லார் மாதிரியும் கோஸ்தான் எடுத்து, பின்னாலேயே தள்ளி ஒழுங்கா நிறுத்திட்டா விக்கக் கூடாது. முடியலன்னா அழகேசன் எடுத்துக்கட்டும்."

சிரித்தார். "நீ சின்ன மைவி காரு ஓட்டுற ஆளு. மைவிய கோஸ்தான் எடுக்கவே நாலு தடவ முன்னால போய் வருவ."

"சரியா, இல்லையா?"

"சரி லா."

சொல்லிவிட்டு அவர் ஏன் தரையைப் பார்த்தார்?

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

அசாம் ஜாவா தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பந்துத் திடலில் முதல் நாள் பயிற்சி. முன்னால் நான் ஓட்டும் இவருடைய ஹைலக்ஸ் பிக்கப், அதன் பின்னால் கேரவன், அதற்கும் பின்னால் இவர். அவரவர் இடத்தில் நின்றோம். சண்டை மட்டும் திடல் முழுக்க நடந்தது.

"ஒடி! ஒடி!"

"எந்தப் பக்கம்ங்க?"

"அந்தப் பக்கம் லா!"

"அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்?"

"நான் கை காட்டுற பக்கம்!"

காட்டியது மாவுக்கட்டுக் கை. அது எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்.

நான் வலது பக்கம் ஒடித்தால் கேரவன் இடது பக்கம் போகிறது. சரி என்று இடது பக்கம் ஒடித்தால் எங்கேயோ போகிறது. கடைசியில் காரும் கேரவனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன, நாங்களும்தான். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் நகர்ந்து கொடுத்தன. இவரைவிட அவற்றுக்கு விவரம் அதிகம்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

ஆகஸ்ட் 20 – செவ்வாய்

குழுவில் ஷாமளாவைக் கேட்டேன். வயதில் என்னைவிடச் சின்னவள், ஆனால் கேரவனை இழுத்துக்கொண்டு திரங்கானு வரை போய் வந்தவள். உடனே குரல் பதிவு அனுப்பினாள்.

"அக்கா, ஸ்டெரிங்க மேல பிடிக்காதீங்க. அடியில பிடிங்க. கேரவனோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகர்த்துங்க. கொஞ்சமா, சரியா? ரொம்ப மடங்கிருச்சுன்னா பயப்படாதீங்க, முன்னால எடுத்து நேராக்கிட்டுத் திரும்ப வாங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல."

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக் கவுண்டரில் யாரும் இல்லாத நேரமெல்லாம், காற்றில் ஒரு ஸ்டெரிங்கை அடியில் பிடித்துக் கையை நகர்த்திப் பார்த்தேன். காத்திருந்த ஒரு சீனப் பாட்டி எனக்குக் கைவலி என்று நினைத்துத் தைலம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 25 – ஞாயிறு

வருகிறது! கை அடியில், கேரவன் சொன்ன பேச்சு கேட்கிறது!

ஆனால் இவர் வாயைத் திறந்தால் போதும், எனக்கு இடம் வலம் எல்லாம் மறந்துபோகிறது. அடையாளத்துக்கு வைத்த வாளி சப்பையாகிவிட்டது.

செப்டம்பர் 1 – ஞாயிறு

சாமான் ஏற்றி வெள்ளோட்டம். அரிசி மூட்டை, அண்டா, தேங்காய், ஆட்டுக்கல் (மிக்சியில் அரைத்த சட்னி இவருக்கு இறங்காது) எல்லாவற்றையும் கடைசிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டேன். நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் கேரவன் பின்பக்கத்தை ஆட்ட ஆரம்பித்தது. ஹைலக்ஸையே இழுத்து ஆட்டுகிறது.

"ப்ரேக்க மிதிக்காத. ஆயில் பெடல்ல இருந்து கால மட்டும் எடு. ஸ்டெரிங்க நேரா பிடி" என்றார். கத்தவில்லை. அமைதியாகச் சொன்னார். ஆட்டம் அடங்கியது. இவரை இத்தனை வருடம் லோரி ஓட்டவிட்டது சும்மா இல்லை என்று தோன்றியது. சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

ஷாமளா ஆட்டுக்கல் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பின்பக்கம் கனத்தால் ஆடத்தான் செய்யுமாம், கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும் இருக்க வேண்டுமாம். ஆட்டுக்கல்லை வீட்டிலேயே விடச் சொன்னாள். விடுவதாக இல்லை. சக்கரத்துக்கு மேலே வைத்தாயிற்று.

செப்டம்பர் 7 – சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை முடிந்த கையோடு கேரவனுக்கும் பூசை போட்டோம். முதல் பயணம் போகப் போகிற வண்டிக்குப் பூசை போடாமல் எப்படி? சக்கரத்துக்கு, கொக்கிக்கு, கதவுக்கு, அடுப்புக்கு, ஒன்று விடாமல் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். இவர் இடது கையால் மணி ஆட்டினார்.

சூடம் காட்டும்போதுதான் கவனித்தேன். மணி ஆட்டுகிற நேரத்தில் இந்த மனிதர் வாயைத் திறப்பதே இல்லை.

செப்டம்பர் 8 – ஞாயிறு

என் புத்தியை நானே மெச்சிக்கொள்கிறேன்.

"இனிமே நீங்க பேசக் கூடாது. வழி இருந்தா மணிய ஆட்டிக்கிட்டே இருங்க. ஏதும் இடிக்கிற மாதிரி இருந்தா நிறுத்துங்க. சத்தம் நின்னா நானும் நிப்பேன்."

"சாமி மணிடி!"

"சாமி ஒண்ணும் சொல்லாது."

திடலில் ணிங் ணிங் ணிங் என்று ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, கையை அடியில் வைத்து, மெல்ல, மெல்ல... இரண்டு வாளிகளுக்கு நடுவில் போய் நின்றது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தேன். வாளி முழுசாக இருந்தது. அந்த இடத்திலேயே குதித்தேன், இந்த வயதில்!

இவர் சந்தோஷப்பட்டார். ஆனால் வாளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

செப்டம்பர் 13 – வெள்ளி

நாளைக்குக் கிளம்ப வேண்டும், கேரவனுக்குப் பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. சிக்னல் இல்லை, ப்ரேக் விளக்கு இல்லை. ஐயோ, இதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?

குழுவில் கேட்டதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃபியூஸைப் பாருங்கள், பல்பைப் பாருங்கள், எர்த் வயரைச் சுரண்டுங்கள். இவர் ஒற்றைக் கையோடு அடியில் படுத்து வயர் வயராகத் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை. "விடு துளசி, அழகேசன்கிட்ட சொல்லிடுறேன்" என்றார்.

காரையும் கேரவனையும் இணைக்கும் ப்ளக்கை மறுபடி மாட்டலாம் என்று கழற்றினேன். உள்ளே பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு துளையிலும் காய்ந்துபோன சந்தனம்!

நான்தான். ஒன்று விடாமல் வைத்தேன் அல்லவா? அதையும் விடவில்லை.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி, ஊதித் துடைத்து, திரும்ப மாட்டினேன். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. மானத்தை விட்டுக் குழுவிலும் சொன்னேன். ஷாமளா கேட்டாள்: "ஏன்கா, எல்லா ஓட்டைக்கும் பொட்டு வெச்சீங்க, பூ வெக்கலையா?"

இவர் சிரித்துச் சிரித்து மாவுக்கட்டுக் கை வலிக்கிறது என்றார்.

செப்டம்பர் 14 – சனி, செகிஞ்சான்

கேரவனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோலசிலாங்கூர் பாலத்தில் ஒரு லோரி ஒட்டி உரசிப் போனபோது மட்டும் ஸ்டெரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தஞ்சோங் காராங் தாண்டி, சுங்கை புரோங் தாண்டி, இரண்டு பக்கமும் பச்சை வந்ததும் நான் பாட ஆரம்பித்துவிட்டேன். இவர் காலால் ப்ரேக் மிதிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

கேம்ப் திடலில் எல்லாரும் வந்து நிறுத்தியாகிவிட்டது. எங்களுக்கு மிச்சம் இருந்தது, இரண்டு கேரவன்களுக்கு நடுவில் ஒரு சந்து. பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கேரவன்காரர்களுக்கு அடுத்தவர் கோஸ்தான் எடுப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது.

அழகேசன் ஓடி வந்தான். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் இல்லை. "அக்கா இறங்குங்க, நான் நிறுத்தித் தர்றேன். எங்க அங்கிளோட படகு ட்ரெய்லர அழகா கோஸ்தான் எடுப்பேன்."

இறங்கிவிடலாமா? ஒரு நொடி கதவில் கை வைத்துவிட்டேன். அப்போது இவர் சொன்னார்:

"வேணாம் தம்பி. அவ நிறுத்துவா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

சொல்லிவிட்டு மணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

ணிங் ணிங் ணிங். கையை அடியில் வைத்தேன். மெல்ல. திடீரென்று சத்தம் நின்றது. நானும் நின்றேன். இடித்துவிட்டேனா? கண்ணாடியில் பார்த்தால் இவரைச் சுற்றி ஒரு கூட்டம் குழந்தைகள், கையில் காசோடு! ஐஸ்கிரீம்காரர் வந்துவிட்டார் என்று மணிச் சத்தம் கேட்டு எல்லா கேரவனிலிருந்தும் ஓடி வந்திருக்கின்றன. "அங்கிள், சாக்லேட் இருக்கா?" என்று ஒன்று இவர் சட்டையை இழுக்கிறது. திடலே சிரித்தது. இவர் வெட்கத்தில் நெளிந்து, "இது சாமி மணி பாப்பா, ஆன்ட்டி வண்டிய கோஸ்தான் எடுக்குறாங்க" என்று விளக்குகிறார்!

ஷாமளா குழந்தைகளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கேரவன் ரொம்ப மடங்கியிருந்தது. முன்னால் எடுத்து நேராக்கினேன். வெட்கப்படவில்லை. மறுபடி ணிங் ணிங். இடது பக்கம் கொஞ்சம். விடு. நேர். மணி நின்றபோது இறங்கிப் பார்த்தேன், சந்துக்கு நடுவில், கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். அழகேசனும் தட்டினான், பாவம். இவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பி அழகேசா, வேற கேரவன் பாத்துக்கப்பா."

செப்டம்பர் 15 – ஞாயிறு

கண் விழித்தேன். ஜன்னல் நிறைய வயல். கொக்கு ஒன்று. நான் கேட்டது அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

காலை டீயின்போது இவர் வயலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"துளசி, எனக்கு இத கோஸ்தான் எடுக்க வராது."

"என்னங்க சொல்றீங்க?"

"லோரி வேற, இது வேற. வாங்கின அன்னிக்கு வீட்டுக்குள்ள விட எவ்வளவு நேரம் முயற்சி பண்ணேன் தெரியுமா? நீ வேலைக்குப் போயிருந்த. முடியல. வெளியிலேயே விட்டுட்டேன். இங்க வந்து அத்தன பேர் முன்னாடி லோரிக்காரன் நாராயணசாமிக்கு வரலன்னு ஆயிட்டா..."

காற்றோட்டம்! கையும் காரணமில்லை, ஒன்றும் இல்லை. இந்த வெட்கத்துக்காக என் ஜன்னலை விற்கப் பார்த்திருக்கிறார். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆட்டுக்கல்லில் சட்னி அரைத்தேன். அழகேசன் குடும்பமும் சாப்பிட வந்தது.

செப்டம்பர் 17 – செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் கேரவனை வேலிக்கு உள்ளே நிறுத்தினேன். காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது.

செப்டம்பர் 24 – செவ்வாய்

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை மெலிந்திருக்கிறது. இனி ஓட்டலாமாம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 12 – சனி

நேற்று ஆயுத பூசை. நான் சந்தனக் கிண்ணத்தோடு போவதற்குள் ப்ளக்குக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருந்தார்.

இன்று லூமுட்டுக்குக் கிளம்புகிறோம். சாமான் ஏற்றி, கொக்கி மாட்டி, விளக்குப் பார்த்து எல்லாம் முடித்துச் சாவியை அவரிடம் நீட்டினேன். நியாயம் அதுதானே, கைதான் சரியாகிவிட்டதே. அவர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி நடந்து போய் இடது பக்கக் கதவைத் திறந்தார், ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். மணியை மடியில் வைத்திருந்தார்.