வண்டிக்கு இட்ட மை

ரங்கூனில் இருக்கும் உங்களுக்கு,

உங்கள் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு உங்கள் ஆத்தா, "துருப்பிடிச்சுப் போச்சு, வித்துப்புடுவமா?" என்று கேட்டார்கள். "வித்துப்புட்டா அவுக வந்து எதுல போவாக?" என்றேன்.

மறுநாளே அதன் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். சீட்டு கிழிந்திருந்தது. அரியக்குடி கோயிலுக்கு என்னை இந்த வண்டியில் ஏற்றிப்போவதாகச் சொல்லி எடுத்துத் தந்தீர்களே, அந்தக் கண்டாங்கிச் சேலையைக் கிழித்து உறை தைத்தேன். அதைக் கட்ட நாள் வரவில்லை.

பெயிண்டு வாங்கக் காசு கேட்க மனம் வரவில்லை. எனக்காகக் கூட்டி வைத்திருந்த கண்மையைக் கீறல்களில் தடவினேன். கறுப்பு வண்டிக்குப் பொருந்திவிட்டது.

வண்டியில் இட்ட மை அப்படியே நிற்கிறது. என் கண்ணில் இட்டால்தான் பொழுது சாய்வதற்குள் கரைந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் இருப்பவள்