கம்பெனி கார்டும் நம் ஒர்க்‌ஷாப்பும்

மாப்ள,

இன்று காலை நம் கம்பெனி சர்வீஸ் ஷெட்டுக்குள் குறுவை அறுத்த மிஷின் ஒன்று வந்து நின்றது. சேறும் பச்சை வைக்கோலும் சூடான கிரீஸும் கலந்த வாடை. பக்கத்தில் திரும்பி உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதிலிருந்து வேலையே ஓடவில்லை.

ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் நாம் சொந்த ஒர்க்‌ஷாப் திறப்பதாகத்தான் பேச்சு. திருவையாற்றுச் சாலையில் இடம்கூடப் பார்த்தோம். காவிரிப் படித்துறையில் ஸ்பேனர் செட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படைப்போம். வீடு வந்து சேர்வதற்குள் பெண்டாட்டி நினைப்பு வந்து நீ பின்வாங்கிவிடுவாய்.

"செல்விக்கு டயாலிசிஸ் ஓடுதுடா. கம்பெனி குடுத்த இன்சூரன்ஸ் கார்டு போச்சுன்னா அவள கூட்டிக்கிட்டு எங்க போயி நிப்பேன்?"

பெரியாஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்களே என்றால் கோபம் வரும். "அங்க போனவங்க கதையெல்லாம் கேட்டிருக்கேன். சும்மா இரு."

கேட்டிருந்தாய், போய்ப் பார்த்ததில்லை. எந்த மிஷினையும் கழற்றிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாசலைக்கூட மிதிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

போன சித்திரையில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. உன்னோடு கார்டும் போனது. செல்வியைப் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கூட்டம், காத்திருப்பு, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கும் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது.

"நர்சம்மா பேரு சொல்லிக் கூப்புடுறாங்கண்ணே. அவரு ஒருதடவ வந்து எட்டிப் பாத்திருக்கலாம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உன் மேலா, உனக்குக் கதை சொன்னவர்கள் மேலா, தெரியவில்லை.

என் மகளின் வலிப்பு உனக்குத் தெரியும். கார்டு இல்லாவிட்டால் அவள் மாத்திரைக்கு என்ன வழி என்ற கவலை எனக்கும் இருந்தது. போன வாரம் அவளையும் அங்கே காட்டினேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார், மாத்திரையும் அங்கேயே கிடைத்தது. வெளியே வந்தும் கவலை தீரவில்லை. என்றாவது மாத்திரை இல்லையென்று கைவிரித்தால்? வலிப்பு திடீரென்று கூடினால்? இதையே நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்துவிட்டேன்.

நேற்று மேனேஜரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். "கார்டும் போயிடும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு உன் பெயரை வைக்கட்டுமா என்று செல்வியைக் கேட்டேன்.

"வேணாண்ணே. அவரு பயந்தாங்கொள்ளி, கடை ஓடாது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

உன் பெயரைத்தான் வைக்கிறேன், மாப்ள. நானும் பயந்தாங்கொள்ளிதான். நீ விட்டுப்போன பயம் முழுசாக என்னிடம் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் கடையைத் திறக்கப் போகிறேன்.