கண்டக்டரைத் திட்டிய ராணி

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்னையில நான் சுகமா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? போன்ல சொன்னா முடிக்க விடமாட்ட, அதான் எழுதுறேன்.

எங்க நாடகக் குழுவுல புது நாடகத்துக்கு ஆள் எடுத்தாங்க. வேஷம் கிடைக்கலைன்னா ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். ராணி வேஷத்துக்கு நடிச்சுக் காட்டுறப்ப பாதியில வசனம் மறந்துபோச்சு. பயத்துல, சோழவந்தான் பஸ்ல நீ கண்டக்டரைத் திட்டுற மாதிரியே டைரக்டரைத் திட்டிட்டேன். "ஏய்யா, ஏறுறதுக்குள்ள விசிலடிக்கிறியே, படியில தொங்குறது மனுசியா, பலாப்பழமா?"

அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ராணியை விடு. இந்தத் திட்டுற அம்மாவை வச்சே நாடகம் பண்ணுவோம்"னாரு. இப்ப தினமும் ஒத்திகையில நான் உன்னைய மாதிரித் திட்டுறேன், எழுத்தாளர் எழுதிக்கிறாரு.

எனக்குத் தெரிஞ்ச திட்டெல்லாம் தீந்துபோச்சு. சாயங்காலமானா போன் பண்ணி என்னைய நல்லாத் திட்டும்மா. நாடகத்துக்காகத்தான் கேக்குறேன். கூப்பிடுறாங்க, ஓடுறேன்.

உன் மக,
பாண்டிச்செல்வி